கல் வைத்த நகை எடுக்கிறீர்களா? பில்லில் நிகர எடையைப் பாருங்கள்

கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பெரிய கடை, முறையான பில், ஹால்மார்க் முத்திரை எல்லாம் இருந்தும் என் தங்கச்சிக்கு 28 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. போனது தெரியவே அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆனது.

2019 கடைசியில் அவள் கல்யாணத்துக்கு ஆண்டிக் ஹாரம் ஒன்று எடுத்தோம். முன்பக்கம் கெம்புக் கல், அடியில் முத்துக் குஞ்சலம். பில்லில் 'எடை' என்ற ஒரே கட்டத்தில் 41.850 கிராம். கிராம் விலை 3,650, சேதாரம் 18 சதவீதம். அதற்குக் கீழே 'கல் விலை' என்று தனியாக 4,800. மொத்தத்துக்கும் 3 சதவீதம் ஜிஎஸ்டி.

போன மாதம் அதைக் கொடுத்துவிட்டு வளையல் எடுக்கலாம் என்று மதுரையில் வேறொரு கடைக்குப் போனோம். முதலில் மெஷினில் வைத்தார்கள். 91.6 சுத்தமாகக் காட்டியது. அடுத்து உள்ளே இருந்த ஆசாரி எங்கள் கண்ணெதிரிலேயே குஞ்சலத்தை அறுத்தார். சின்ன உளியால் விளிம்பை நெம்பி, சாமணத்தால் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பித்தளைத் தட்டில் போட்டார். கெம்பு, பச்சை மணி, முத்து, முத்தைக் கோத்த நூல் எல்லாம் ஒரு கைப்பிடி சேர்ந்தது. மிச்சத்தைத் தராசில் வைத்தால் 35.450.

"ஏம்மா, பில்லுல முழு எடைக்கும் தங்க வெலையில்ல போட்டுருக்கான்?" என்றார் ஆசாரி.

6.400 கிராம் கல்லும் முத்தும் நூலும் தங்க விலைக்கு விற்கப்பட்டிருக்கின்றன. 23,360 ரூபாய். அந்தக் கல்லுக்கும் 18 சதவீதம் சேதாரம் வாங்கியிருக்கிறார்கள், அது 4,205. இரண்டுக்கும் ஜிஎஸ்டி வேறு. இத்தனைக்கும் பிறகு அதே கல்லுக்கு மறுபடியும் 'கல் விலை'!

வாங்கிய கடைக்குப் போனோம். மேனேஜர் ஜூஸ் வரவழைத்தார். "கல் நகைன்னா கிராஸ் வெயிட்தான் சார் போடுவோம். ஹால்மார்க் கரெக்டா இருக்குல்ல?" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஹால்மார்க் கரெக்டாகத்தான் இருக்கிறது. அதை யார் இல்லை என்றார்கள்? அந்த முத்திரை தங்கத்தின் தரத்துக்குத்தான் சாட்சி, கடைக்காரர் எத்தனை கிராமுக்குக் காசு வாங்கினார் என்பதற்கு இல்லை. தரம் குறைந்திருந்தால் குறைந்த மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்று ஹால்மார்க் முறையை நடத்தும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) விதி இருக்கிறது. அதனால் தரத்தில் கை வைக்கப் பயப்படுகிறவர்கள் எடையில் வைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தங்கம் ஏறிய ஏற்றமும் இவர்களுக்கு வசதி. 3,650க்கு வாங்கியதை இன்றைய விலைக்குக் கொடுக்கும்போது கையில் வரும் தொகையைப் பார்த்து, லாபம்தானே என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கல்லுக்குக் கழித்தது வழக்கமான கழிவு என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஹால்மார்க் போட்ட நகையின் பில்லில் தங்கத்தின் நிகர எடை (கல், முத்து எல்லாம் கழித்த எடை), காரட், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். சேதாரம் நிகர எடைக்கு மட்டும்தானா என்று கேளுங்கள். 'எஸ்டிமேட்' என்று ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள், ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்தால் நாளைக்கு எங்கேயும் போய் நிற்க முடியாது.

தரத்தைப் பார்ப்பது இப்போது சுலபம். 2023 ஏப்ரல் முதல் விற்கிற ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி, அதாவது அந்த நகைக்கே உரிய அடையாளக் குறியீடு, இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதை அடித்துப் பாருங்கள். செயலி கம்மல் என்று காட்டி, கையில் இருப்பது மோதிரமாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால் மூக்குத்தி, குட்டித் தோடு வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பழைய நகையை உருக்கக் கொடுத்தால் உருக்குமுன்னும் பின்னும் எடையைக் குறித்துக்கொண்டு, கூடவே நில்லுங்கள். உள்ளே கொண்டுபோய் உருக்கிவருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கள் விஷயத்தில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக இரண்டு வருஷக் கெடு உண்டு. கல்லைப் பிரித்த அன்றுதான் விஷயம் தெரிந்தது என்று வாதாடிப் பார்க்கலாம் என்கிறார் வக்கீல். கடைக்குத் தகவல் போன பிறகு மேனேஜரே போன் செய்தார். புது நகை எடுத்தால் சேதாரத்தில் மூன்று சதவீதம் குறைப்பார்களாம். "உங்ககிட்ட குண்டுமணித் தங்கம்கூட எடுக்க மாட்டேன்" என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். இந்த வாரம் வக்கீல் நோட்டீஸ் போகிறது.