ஜெய்சல்மேர்: கோட்டை, ஹவேலிகள், ஏரி – பார்வையாளரின் மதிப்பீடு

ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், தார் பாலைவனத்தின் நடுவே இருக்கும் ஜெய்சல்மேர், நடந்தே சுற்றி வந்துவிடக்கூடிய சிறிய நகரம். கோட்டை, அதனுள் இருக்கும் சமணக் கோயில்கள், கீழே வணிகர்கள் கட்டிய, ஹவேலி எனப்படும் மாளிகைகள், ஊரின் ஓரத்தில் உள்ள ஏரி ஆகிய எல்லாமே ஒன்றுக்கொன்று நடை தொலைவில் அமைந்திருக்கின்றன. ஆனால் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் இந்நகரத்தை ஒட்டகச் சவாரிக்கும் மணல்மேட்டுக் கூடாரத்துக்கும் போகிற வழியில் அரை நாள் இறங்கிப் பார்க்கும் இடமாகவே விற்கிறார்கள். இந்தக் கணக்கு தலைகீழானது என்பதே என் மதிப்பீடு. மணல்மேட்டுக்கு ஒரு மாலைப் பொழுது போதும். நகரத்துக்கு இரண்டு முழு நாள்களாவது கொடுக்க வேண்டும். அதிலும் கோட்டையைவிட அதன் கீழே உள்ள ஹவேலிகளுக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

கோட்டையிலிருந்தே தொடங்கலாம். பாட்டி ராஜபுத்திர மரபைச் சேர்ந்த ராவல் ஜெய்சல், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலிருந்த லோதுர்வா என்னும் பழைய தலைநகரை விட்டுவிட்டு, 1156இல் திரிகூடம் என்ற இந்தக் குன்றின்மேல் புதிய தலைநகரை நிறுவினார். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து சுமார் 76 மீட்டர் உயரத்தில் நிற்கும் இக்கோட்டைக்கு 99 கொத்தளங்கள் உள்ளன. அவற்றில் 92 கொத்தளங்கள் 1633க்கும் 1647க்கும் இடையில் கட்டப்பட்டவை. ஆகவே தொலைவிலிருந்து நம் கண்ணை நிறைக்கும் அந்தப் புகழ்பெற்ற தோற்றத்தின் பெரும்பகுதி 12ஆம் நூற்றாண்டுக்கு உரியதன்று, 17ஆம் நூற்றாண்டுக்கு உரியது. சித்தோர்கர், கும்பல்கர், ரண்தம்பூர், காக்ரோன், ஆமேர் ஆகிய ஐந்து கோட்டைகளுடன் சேர்த்து, ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் என்ற தொகுப்பாக 2013இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அக்கை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் (போல் என்பது வாசலைக் குறிக்கும் சொல்) என்ற நான்கு வாசல்களைக் கடந்து வளைந்து ஏறும் கற்பாதைதான் கோட்டையின் சிறந்த பகுதி. நேராக ஓடி வரும் யானையோ குதிரைப் படையோ வேகம் பிடிக்க முடியாதபடி ஒவ்வொரு வாசலும் அடுத்ததற்குத் திரும்பி நிற்பதை, நடந்து ஏறுபவர்தான் காலால் உணர முடியும். ஆட்டோவில் ஏறிப் போவோர் இதை இழந்துவிடுகிறார்கள். கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஏனென்றால் இது வெறும் காட்சிப்பொருளாக நிற்கும் கோட்டை அன்று. சில ஆயிரம் பேர் இன்றும் உள்ளே குடியிருக்கிறார்கள். துணி காயும் முற்றங்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சந்துகள், திருமண நாளை அறிவித்துப் பிள்ளையார் படம் தீட்டிய வீட்டுச் சுவர்கள் எல்லாம் அரண்மனைக்கு அருகிலேயே இருக்கின்றன. பார்வையாளர்கள் சிலர் திறந்திருக்கும் எந்தக் கதவுக்குள்ளும் கேமராவை நீட்டுவதைக் கண்டேன். குடியிருப்போர் எத்தனை பொறுமைசாலிகளாக இருந்தாலும் அது முறையன்று.

தசரா சவுக் என்ற முற்றத்தை ஒட்டியுள்ள அரண்மனை அருங்காட்சியகத்துக்குத் தனி நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். அங்கே தரப்படும் ஒலிவழிகாட்டி தெளிவாக இருக்கிறது. அதைக் காதில் மாட்டிக்கொண்டு நிதானமாக நடந்தால், முற்றுகைகளின் வரலாறும் அரச குடும்பத்தின் வரலாறும் ஓரளவு ஒழுங்காக விளங்கும். அறைகளில் வைத்திருக்கும் பொருள்கள் சுமார்தான். உதய்ப்பூர், ஜோத்பூர் அரண்மனைகளைப் பார்த்துவிட்டு வருபவருக்கு இவை எளியவையாகத் தோன்றும். கொடுத்த காசுக்கு ஈடு செய்வது மொட்டைமாடி. கோட்டையின் முழு அமைப்பும், கீழே மஞ்சளாக விரியும் நகரமும், அதற்கப்பால் பாலைவனமும், அடிவானத்தில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளும் அங்கிருந்து ஒருசேரத் தெரிகின்றன.

அரண்மனையா சமணக் கோயில்களா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் தயங்காமல் கோயில்களுக்கே செல்லுங்கள். 12ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் எழுந்த இந்த ஏழு கோயில்களும் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவழிகளால் இணைந்து நிற்கின்றன. பார்சுவநாதர் கோயிலின் தோரண வாயிலும், சம்பவநாதர் கோயிலின் கவிந்த விதானமும், தூண்களின் மேற்பகுதியில் வளைந்து நிற்கும் நடனமாதர் உருவங்களும் அவசரமாகப் பார்க்கத் தக்கவையல்ல. கருங்கல் கோயில்களில் பழகிய நம் கண்ணுக்கு இங்கே ஒரு வேறுபாடு உடனே புலப்படும். கருங்கல்லில் சிற்பி உருவத்தின் திரட்சியை நம்புகிறான். இந்த மென்மையான மஞ்சள் கல்லில் அவன் துளையையும் நிழலையும் நம்புகிறான். வழிபாட்டில் உள்ள கோயில்கள் என்பதால், பிற பார்வையாளர்களைப் பொதுவாக நண்பகல் வரையில்தான் அனுமதிக்கிறார்கள். தோல் பொருள்களை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். மாலையில் போய்க்கொள்ளலாம் என்று திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

சம்பவநாதர் கோயிலின் அடியில் ஞான பண்டார் என்ற சுவடி நூலகம் இருக்கிறது. படையெடுப்புகளுக்கு அஞ்சி மேற்கிந்தியாவின் பல இடங்களிலிருந்து கொண்டுவந்து இங்கே நிலவறையில் பாதுகாக்கப்பட்ட ஓலைச்சுவடிகளில், 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையும் உண்டு. நம் ஊர்ச் சுவடிகளைப்போல் எழுத்தாணியால் கீறி எழுதாமல், ஓலையின்மேல் மையால் எழுதப்பட்டவை இவை. பாலைவனத்தின் வறண்ட காற்று இவற்றுக்கு அரணாக இருந்திருக்கிறது. பொதுப் பார்வைக்கு வைத்திருப்பது மிகச் சில ஏடுகளே என்றாலும், சுவடிகளில் ஆர்வமுள்ளவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

தங்குமிடம் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கோட்டைக்குள் விருந்தினர் இல்லங்கள் ஏராளம். சுவரின் விளிம்பில் அமர்ந்து காலைத் தேநீர் குடிக்கும் படத்தைக் காட்டி எல்லோரையும் இழுக்கிறார்கள். எனினும் கீழே நகரத்தில் தங்குவதையே பரிந்துரைக்கிறேன். இக்கோட்டை உறுதியான பாறையின்மேல் நிற்கவில்லை. மணற்பாறை, களிமண் போன்ற அடுக்குகளால் ஆன குன்றின்மேல் நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழையே பெறும் ஊரில், குடம் குடமாகச் சுமந்து வந்த நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்திய காலத்தில், கூட் நாலி என்று அழைக்கப்பட்ட பழைய வடிகால்கள் போதுமானவையாக இருந்தன. குழாய் நீர் வந்து, விடுதிகளும் குளியலறைகளும் பெருகிய பின்னர் வெளியேறும் கழிவுநீர் குன்றுக்குள் கசிந்து அடுக்குகளை நெகிழச் செய்கிறது. 1990களின் பிற்பகுதியில் சில கொத்தளங்கள் சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் இக்கோட்டையைச் சேர்த்தது. 2024 ஆகஸ்டில் பெய்த மழையிலும் சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பழுதுபார்க்கும் பணிகள் நடந்து வருகின்றன. ஆயினும் ஒரு நாள் குளியல் நீரையாவது அந்தக் குன்றின்மேல் கொட்டாமல் இருப்பது பார்வையாளரால் எளிதில் செய்யக்கூடியது. தவிரவும், கீழே உள்ள விடுதிகளின் மொட்டைமாடியிலிருந்துதான் கோட்டையை முழுமையாகப் பார்க்க முடியும். உள்ளே தங்குபவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

இனி ஹவேலிகள். சிந்து, ஆப்கானிஸ்தான் பகுதிகளுக்குச் சென்ற ஒட்டக வணிகப் பாதைகளில் சுங்கமும் வட்டியும் வாணிபமும் சேர்த்துக் கொடுத்த செல்வம், 19ஆம் நூற்றாண்டில் கோட்டைக்குக் கீழே கல்லாக மாறியது. பம்பாய்த் துறைமுகத்தின் எழுச்சியால் தேய்ந்த அந்த வணிகம், 1947இன் எல்லைக் கோட்டால் முற்றிலும் அறுந்தது. அதற்கு முன்னரே பெரும் வணிகக் குடும்பங்கள் பல ஊரைவிட்டு வெளியேறிவிட்டன. பிற்காலத்தில் இடித்துக் கட்டுவதற்குப் பணம் இல்லாமல் போனதே இந்த வீடுகளைக் காப்பாற்றியது என்று எண்ணத் தோன்றுகிறது.

பட்வோன் கி ஹவேலி என்பது ஒரு மாளிகையன்று; ஒரே குறுகிய தெருவில் வரிசையாக நிற்கும் ஐந்து மாளிகைகளின் தொகுதி. குமான் சந்த் பட்வா என்ற பெருவணிகர் 1805இல் முதல் மாளிகையைத் தொடங்கினார்; அவருடைய ஐந்து மகன்களுக்கு ஒவ்வொன்றாக ஐந்தும் எழுந்து முடிய ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. முகப்பு முழுவதும் ஜரோக்கா எனப்படும் வெளித்துருத்திய மாடங்கள். அவற்றின் இடைவெளிகளில் ஜாலி என்ற கற்சல்லடைகள். இவற்றை வெறும் அலங்காரம் என்று நினைத்தால் பாதிதான் பார்த்தவராவோம். துருத்தி நிற்கும் ஒவ்வொரு மாடமும் தனக்குக் கீழுள்ள சுவர்மேல் நிழல் விழச் செய்கிறது. செதுக்கலின் மேடுபள்ளங்கள் வெயில் நேரடியாகத் தாக்கும் பரப்பைக் குறைக்கின்றன. சல்லடையின் சிறு துளைகள் வழியே காற்று உள்ளே வருகிறது, வெயில் வடிகட்டப்படுகிறது, வீட்டுப் பெண்கள் தெருவைப் பார்க்கிறார்கள், தெரு அவர்களைப் பார்ப்பதில்லை. கற்கள் பெரும்பாலும் சுண்ணச்சாந்து இன்றி, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி வெட்டப்பட்டும் இரும்புப் பற்றுகளால் பிணைக்கப்பட்டும் நிற்கின்றன. தண்ணீர் கிடைக்காத ஊரில் சாந்து குழைப்பதைத் தவிர்த்த இந்த முறை, கொத்தனார் வேலையைவிடத் தச்சு வேலைக்கே நெருக்கமானது.

ஐந்தில் ஒன்று தனியார் அருங்காட்சியகமாக, பழைய அறைகலன்களும் தலைப்பாகைகளும் பாத்திரங்களும் நிரம்பிக் காட்சிக்கு இருக்கிறது. அரசுப் பொறுப்பில் உள்ள பகுதியில் அறைகள் ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்கின்றன. இரண்டுக்கும் சீட்டு வாங்க மனமில்லாதவர்களுக்கு என் தேர்வு வெறுமையான பகுதிதான். பொருள்கள் கண்ணை இழுக்காததால் முற்றத்தின் அமைப்பும், மாடிக்கு மாடி மாறும் வெளிச்சமும் அங்கே நன்றாகத் தெரிகின்றன. குடும்பத்துடன், குறிப்பாகப் பிள்ளைகளுடன் செல்வோருக்குத் தனியார் பகுதி சுவையாக இருக்கும்.

நத்மல் கி ஹவேலி 1885இல் திவான் மோஹதா நத்மலுக்காகக் கட்டப்பட்டது. ஹாத்தி, லாலு என்ற சகோதரர்கள் இருவர் முகப்பின் வலப்பாதியையும் இடப்பாதியையும் தனித்தனியே செதுக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று ஒவ்வொரு மாடமாக இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்த அமைப்பு சமமாக இருக்கும். பூவேலையும் உருவங்களும் ஒன்றுபோல் இரா. வாசலின் இருபுறமும் மஞ்சள் கல் யானைகள் நிற்கின்றன. வீட்டில் ஆள் குடியிருப்பதால் உள்ளே அதிகம் பார்க்க இயலாது. தெருவிலிருந்தே பார்க்க வேண்டிய, காசு கேட்காத இந்த முகப்பையே நகரத்தின் முதல் கட்டடமாக வைப்பேன். சலீம் சிங் கி ஹவேலி 1815ஐ ஒட்டிய காலத்தது. கீழே ஒடுங்கி, மேல்தளத்தில் மாடங்களாக விரிந்து நிற்கும் அதன் வடிவமும், மயில் வடிவத் தாங்குகற்களும் தனித்தன்மை உள்ளவை. வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

வழிகாட்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். கோட்டை வாசலில் பேசி அமர்த்திய ஒருவர், கோயிலுக்குக் கொடுத்ததைவிட அதிக நேரத்தைத் துணிக்கடையிலும் வெள்ளி நகைக்கடையிலும் செலவிட வைத்தார். கடைகளுக்குப் போவதில்லை என்று முதலிலேயே தெளிவாகப் பேசிக்கொள்வது நல்லது. கதைகளையும் பிரித்துக் கேட்க வேண்டும். சலீம் சிங் கொடுமைக்காரத் திவான் என்ற பெயர் எடுத்தவர். அவர் ஒரு பெண்ணின்மேல் கண் வைத்ததால், பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் குல்தரா என்ற ஊரைச் சபித்துவிட்டு வெளியேறினர் என்ற கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் கிணறுகள் வற்றியதையும் வரிச்சுமையையும் நிலநடுக்கத்தையும் காரணங்களாகக் கருதுகின்றனர். மக்கள் சிறிது சிறிதாகவே வெளியேறியிருக்க வேண்டும். சுமார் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குல்தராவைப் பேய் ஊர் என்று விற்பதால், அங்கே தெருக்கள் எத்தனை நேர்த்தியாகத் திட்டமிடப்பட்டிருந்தன என்பதை யாரும் சொல்வதில்லை. நேரம் இருந்தால் பகலில், பேயை மறந்துவிட்டுப் போகலாம்.

கடிசர் ஏரி 14ஆம் நூற்றாண்டில் ராவல் கர்சி சிங் என்ற அரசரால் சீரமைக்கப்பட்டது. நெடுங்காலம் நகரம் இதன் நீரை நம்பியே வாழ்ந்தது. கரையில் உள்ள தீலோன் கி போல் என்ற வாசலைத் தீலோன் என்ற கணிகை கட்டியதாகவும், அரசர் இடித்துவிடக் கூடாதென்று அதன்மேல் ஒரு கண்ணன் கோயிலை வைத்ததாகவும் சொல்லப்படுகிறது. மெய்யோ பொய்யோ, அந்த வாசல் அழகானது. அதிகாலையில் படகுகள் இறங்குவதற்கு முன் சென்றால், நீருக்குள் நிற்கும் மண்டபங்களையும் குளிர்காலப் பறவைகளையும் அமைதியாகப் பார்க்கலாம். மாலையில் தற்படக் கூட்டம் தாங்க முடியாதது.

வடக்கே சுமார் 6 கிலோமீட்டரில் உள்ள படா பாக், அரச குடும்பத்தினரின் நினைவு மண்டபங்கள் நிற்கும் மேடு. ராவல் ஜைத் சிங்கின் நினைவாக அவருடைய மகன் லூண்கரன் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மண்டபத்தைத் தொடர்ந்து வரிசை நீள்கிறது. விளக்கப் பலகைகள் போதாது. எது யாருடையது என்று அறிய முடியாமல் பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம். மே, ஜூனில் வெயில் 40 பாகையைத் தாண்டிவிடும், கல்லும் சுடும். தமிழ்நாட்டிலிருந்து செல்வோருக்கு ஜோத்பூர் வழி வசதியானது. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கு வாராந்திர ரயிலும் உண்டு. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 280 கிலோமீட்டர். முதல் நாள் காலையைச் சமணக் கோயில்களுக்கும், நண்பகலை அரண்மனைக்கும், மாலையை நத்மல் ஹவேலித் தெருவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடியலில் ஏரி, பிறகு பட்வோன் ஹவேலிகள், வெயில் தாழ்ந்த பின் படா பாக். முதியவர்களை அழைத்துச் செல்வோர் ஹவேலிகளின் படிக்கட்டுகள் செங்குத்தானவை, நிலைகள் குனிந்து நுழைய வேண்டியவை என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.