கைவேலை என்று சொல்லிப் பொலியெஸ்டர் அனுப்புகிறார்கள், கவனம்

முகநூலில் "போஹோ உடுப்பு, கைவினைஞர் கையால் செய்தது, ஸ்லோ ஃபேஷன்" என்று, அதாவது நாட்டுப்புறப் பாணியில் அவசரமில்லாமல் செய்த உடுப்பு என்று விளம்பரம் போட்டு, கொழும்பிலிருந்து வன்னிப் பக்கம் பார்சல் அனுப்பும் ஒரு கடை என் தங்கச்சியிடம் 14,800 ரூபாவை ஏமாற்றி வாங்கிவிட்டது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

தங்கச்சிக்குக் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று டார்கெட்டுக்குப் பின்னால் ஓடித் தைப்பவள். அதனாலேயே, யாரோ ஒருவர் ஆறுதலாக இருந்து கையால் செய்த உடுப்பு ஒன்றாவது தனக்கு வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் ஓடர் போட்டாள். ராஜஸ்தானில் மர அச்சுக் குத்திய பருத்தித் துணி, கழுத்தைச் சுற்றிக் கை எம்பிராய்டரி, கண்ணாடி வேலை என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். படமும் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் வாரக்கணக்கில் சத்தமில்லை. கேட்டால், "கைவேலை அக்கா, அவசரப்படுத்தக் கூடாது" என்று பதில். பார்சல் வந்தபோது, காசு தந்தால்தான் உடைக்கலாம் என்றார் கூரியர் தம்பி. அவரில் பிழையில்லை, அவர்களுடைய விதி அது.

நான் வீட்டில் தையல் வேலை செய்பவள். துணியைத் தொட்டதுமே சந்தேகம் வந்தது. திருப்பிப் பார்த்தேன், உள்பக்கம் வெள்ளை. ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் பக்ரூ, சங்கானேர் போன்ற ஊர்களில் குத்தும் அச்சு இப்படி இருக்காது. பூவின் வெளிக்கோட்டுக்கு ஒரு மரக்கட்டை, நிறம் நிரப்ப ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு கட்டை என்று ஒவ்வொன்றாகக் கையால் வைத்துக் குத்துவார்கள். சாயம் துணிக்குள் இறங்கும், மறுபக்கத்திலும் தெரியும். ஒரு கட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மயிரிழை விலகல் இருக்கும். இந்தச் சட்டையிலோ அப்படி ஒரு விலகலும் இல்லை, எல்லா இலையும் நிறம் கூடாமல் குறையாமல் அப்படியே ஒரே மாதிரி இருந்தது.

உள்தையல் ஓரத்துத் துணியிலிருந்தே இரண்டு மூன்று நூலை இழுத்து முற்றத்தில் வைத்துக் கொளுத்தினேன். பருத்தி என்றால் கடதாசி எரிந்த மணத்தோடு மெல்லிய சாம்பலாகும். இது சுருண்டு உருகி, கறுப்பாக ஒரு கெட்டி மணியாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்றம். எம்பிராய்டரிக்குப் பின்னால் முழுக்க வெள்ளைப் பொபின் நூல், அதாவது மெஷினில் கீழே இருந்து வரும் நூல். கையால் பூப்போட்டால் மேலே போகும் நூல்தான் கீழேயும் வரும், பொபினுக்கு அங்கே வேலையே இல்லை. கண்ணாடியைச் சுற்றி நூலால் சட்டம் கட்டித்தான் துணியோடு பிடிப்பார்கள். இதில் இருந்தது மினுங்கும் பிளாஸ்டிக் வட்டம், பசையால் ஒட்டியது. நகத்தால் நிமிண்டக் கழன்று வந்தது. கழுத்தில் பழைய லேபலை வெட்டிய மிச்சம் தெரிய, அதன் மேலே புது லேபல் தைத்திருந்தார்கள்.

திருப்பி எடுக்கச் சொன்னேன். "கையால் செய்தால் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும் அக்கா, அதுதான் அதின்ர அழகு" என்று எழுதினார்கள். வித்தியாசம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் என் முறைப்பாடே! எரிந்த நூலின் படத்தை அனுப்பினேன், உடனே பிளொக் செய்துவிட்டார்கள்.

காசை விட எனக்கு வயிறு எரிந்தது இதற்குத்தான். சின்ன வித்தியாசம்தான் அழகு என்பது அச்சுக் குத்துபவரும் நெசவு நெய்பவரும் உண்மையாகச் சொல்கிற வார்த்தை. எங்கள் பக்கத்திலும் பனையோலை வார்ந்து சாயம் போட்டுப் பை பின்னும் பெண்கள் இருக்கிறார்கள். விலை சொன்னால் இப்போதே பேரம் பேசுகிறார்கள். இப்படி ஏமாந்தவர்கள் நாளைக்கு அந்தப் பெண்களையும் நம்பமாட்டார்கள்.

வாங்க முதல் துணியின் மறுபக்கத்தையும் எம்பிராய்டரியின் பின்பக்கத்தையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பத்திக் என்றாலும் இதையே கேளுங்கள், மெழுகு வைத்துச் சாயமிட்டதில் நிறம் இரண்டு பக்கமும் தெரியும். எந்த ஊரில் செய்தது என்றும் கேளுங்கள். உண்மையில் கைவினைஞரோடு வேலை செய்பவர் சந்தோஷமாகச் சொல்வார். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். நான் முறையிட்ட பிறகு இவர்கள் "பருத்தி" என்பதைப் "பருத்தி போன்ற" என்று மாற்றிவிட்டார்கள், நல்லகாலம் பழையது தங்கச்சியின் போனில் இருந்தது.

அதையும் கூரியர் பற்றுச்சீட்டையும் வைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கம் யாராவது இதே சட்டையை வாங்கியிருந்தால் தோய்க்காமல், லேபலை வெட்டாமல், பார்சல் உறையோடு வைத்திருங்கள். எனக்கும் அறியத் தாருங்கள், எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.