கோடியா, மில்லியனா, பத்தின் அடுக்கா?

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள சராசரித் தொலைவை இப்படியெல்லாம் எழுதலாம்: 14,96,00,000 கிலோமீட்டர், 14.96 கோடி கிலோமீட்டர், 149.6 மில்லியன் கிலோமீட்டர், 149.6 ஜிகாமீட்டர், 1.496 × 10⁸ கிலோமீட்டர். ஐந்தும் ஒரே தொலைவுதான். பள்ளிக்கூடத்தில் கடைசி வடிவத்துக்கு 'அறிவியல் குறியீடு' என்று பெயர் சொல்லி, மற்ற நான்கும் ஏதோ விவரம் தெரியாதவர்கள் எழுதுவது என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் ஜெயிக்கும், இன்னோர் இடத்தில் மண்ணைக் கவ்வும்.

எல்லாச் சுழியையும் போட்டு நீட்டி எழுதுவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காசோலைக்கும் கணக்குப் பேரேட்டுக்கும் அதுதான் சரி, அங்கே கடைசி ரூபாய் வரை கணக்கு வேண்டும். மற்ற இடங்களில் சுழிகளை எண்ணும் வேலை வாசிப்பவர் தலையில் விழுகிறது. சிறிய எண்களில் நிலைமை இன்னும் மோசம். ஓர் எலக்ட்ரானின் நிறையைக் கிலோகிராமில் இப்படி எழுதப் போனால் தசமப் புள்ளிக்குப் பின் 30 சுழிகள் போட்டுவிட்டு அப்புறம்தான் 9 வரும். 29 போட்டோமா, 31 போட்டோமா என்று யார் சரிபார்ப்பது?

லட்சமும் கோடியும் வாயால் சொல்வதற்கு ஏற்றவை. மத்திய அரசின் 2024-25 பட்ஜெட் சுமார் 48.21 லட்சம் கோடி ரூபாய் என்றால் டீக்கடையில் செய்தித்தாள் படிப்பவருக்கும் அதன் அளவு உறைக்கும். 4.821 × 10¹³ ரூபாய் என்று தலைப்புப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். வானியலிலும் கொஞ்ச தூரம் இதை வைத்தே ஓட்டலாம். ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர், கேட்க நன்றாகவே இருக்கிறது. ஒரு மோல் பொருளில் எத்தனை துகள்கள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணில்தான் வண்டி நின்றுவிடும். 6.022 × 10²³ என்பதைக் கோடியில் சொன்னால் 602.2 கோடி கோடி கோடி. இதில் ஒரு 'கோடி' விட்டுப்போனாலும் வாக்கியம் தப்பாகத் தெரியாது, விடைதான் கோடி மடங்கு குறைந்துவிடும்.

கோடிக்கு மேலே நம்மிடம் பெயர்களே இல்லை என்று சொல்ல முடியாது. பரிபாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்கள் அடுக்கடுக்காக வருகின்றன. ஆனால் ஒவ்வொரு பெயரையும் அதன் மதிப்பையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். கீழ்வாய் எண்களில், அதாவது பழந்தமிழ்ப் பின்னங்களில், இதைவிடச் சாமர்த்தியமான ஒரு முறை இருந்தது. முந்திரி என்றால் 1/320. கீழ்முந்திரி என்றால் அந்த முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கு, அதாவது 1/1,02,400. 'கீழ்' என்று முன்னால் சேர்த்தவுடன் அதே ஏணியில் இன்னொரு முறை கீழே இறங்குகிறோம். அடுக்குக்குறி செய்வதும் இதையேதான். ஏணியின் படி மட்டும் பத்துக்குப் பதில் 320.

மில்லியன், பில்லியன் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. உலகம் முழுவதும் ஒரே பொருள் என்று நினைத்துத்தான் பலரும் அவற்றை எழுதுகிறார்கள். ஜெர்மன் மொழியில் இன்றும் 'பில்லியோன்' என்றால் 10¹². 10⁹-க்கு அவர்களிடம் 'மில்லியார்டே' என்று தனிச்சொல் இருக்கிறது. பிரிட்டனிலும் பழைய வழக்கில் பில்லியன் என்றால் 10¹²தான். 1974-இல்தான் அந்நாட்டு அரசு அமெரிக்க வழக்கப்படி 10⁹-க்கு மாறியது. அதற்கு முந்தைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்தால், அது எந்த ஊர்ப் பில்லியன் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 10⁹ என்று எழுதியிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

கிலோ, மெகா, மைக்ரோ, நானோ போன்ற முன்னொட்டுகள் பட்டறையின் மொழி. மின்னணு உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் போய் '104 கபாசிட்டர்' (மின்தேக்கி) என்று கேட்டால் போதும். அந்த மூன்று இலக்கத்துக்குள் அறிவியல் குறியீடே ஒளிந்திருக்கிறது: 10 எழுதி அதன் பின் 4 சுழி, அலகு பிகோஃபாரட். ஆக 1,00,000 பிகோஃபாரட், அதாவது 100 நானோஃபாரட். அரிசி அளவு உதிரிபாகத்தின் மேல் அடுக்குக்குறியெல்லாம் அச்சிட முடியாது என்பதால் வந்த ஏற்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

முன்னொட்டின் ஆபத்து, ஓர் எழுத்து மாறினால் ஆயிரம் மடங்கு மாறிவிடும் என்பது. மைக்ரோகிராமைக் குறிக்கும் கிரேக்க எழுத்து கையெழுத்தில் 'எம்' போலத் தெரிந்து மில்லிகிராம் என்று படிக்கப்படலாம். அதனால்தான் மருந்துச் சீட்டில் அந்தக் கிரேக்க எழுத்தைத் தவிர்த்து 'எம்சிஜி' என்று எழுதச் சொல்கிறார்கள். இன்னொரு குறை, பெயர் தீர்ந்துபோவது. 2022-இல் ரோனா (10²⁷), குவெட்டா (10³⁰) என்று புதிய முன்னொட்டுகளைச் சேர்த்தார்கள். பூமியின் நிறை சுமார் 6 ரோனாகிராம் என்று இப்போது தாராளமாகச் சொல்லலாம். சொல்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சரி, அறிவியல் குறியீட்டுக்கு வருவோம். இடத்தை மிச்சப்படுத்துவதுதான் அதன் பெருமை என்று பாடப்புத்தகம் சொல்லும். அது சின்ன லாபம். பெரிய லாபம் மனக்கணக்கில் இருக்கிறது. சூரிய ஒளி பூமிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? தொலைவு 1.5 × 10¹¹ மீட்டர், ஒளியின் வேகம் நொடிக்கு 3 × 10⁸ மீட்டர். 1.5-ஐ 3-ஆல் வகுத்தால் 0.5. 11-இல் 8 போனால் 3. ஆக 500 நொடி, எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். 14.96 கோடியை வைத்துக்கொண்டு இதே கணக்கைக் காகிதம் இல்லாமல் போட்டுப் பாருங்கள்.

மற்ற வடிவங்கள் மழுப்பும் ஒரு விஷயத்தையும் இது வெளிப்படையாகச் சொல்லிவிடும். 1500 மீட்டர் என்று ஒருவர் எழுதினால், மீட்டர் வரை அளந்தாரா, நூறு மீட்டர் முன்னே பின்னே இருக்கட்டும் என்று குத்துமதிப்பாகச் சொன்னாரா? தெரியாது. 1.5 × 10³ என்றால் இரண்டு இலக்கம்தான் உறுதி. 1.500 × 10³ என்றால் நான்கும் உறுதி. முக்கிய எண்ணுருக்கள் என்று பதினோராம் வகுப்பு இயற்பியலில் படிப்பது இதைத்தான். அடுக்கு எப்போதும் மூன்றின் மடங்காக வரும் பொறியியல் குறியீடு முன்னொட்டுகளோடு அழகாகப் பொருந்தும், 149.6 × 10⁹ மீட்டர் என்றவுடன் ஜிகாமீட்டர் என்று சொல்லிவிடலாம். ஆனால் 150 × 10⁹ என்று எழுதினால் அந்தக் கடைசிச் சுழி அளந்து வந்ததா, இடத்தை நிரப்ப வந்ததா என்ற பழைய சந்தேகம் திரும்பவும் வந்துவிடும்.

பத்தின் அடுக்குக்கும் பலவீனம் உண்டு. எண்ணின் முழு பலமும் ஒரு பொடி எழுத்தில் தொங்குகிறது. வினாத்தாளை ஒரு கோப்பிலிருந்து நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால் 10²³ என்பது 1023 ஆகிவிடும். இப்படிக் கெட்டுப்போன அவகாட்ரோ எண்கள் தேர்வுக்கால வாட்ஸப் குழுக்களில் ஏராளம். இதற்கு மாற்றாகத்தான் கணினியில் ஈ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு, அதன் பின் அடுக்கை அதே வரியில் எழுதுகிறார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் நகலெடுத்தால் உடையாது.

கால்குலேட்டரில் பத்தின் அடுக்குக்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை விட்டுவிட்டு 1.5 × 10 அடுக்கு 11 ÷ 3 × 10 அடுக்கு 8 என்று வரிசையாக அழுத்தினால் 500 வராது, 5 × 10¹⁸ வரும். அடைப்புக்குறி இல்லாததால் 3-ஆல் வகுத்துவிட்டு 10⁸-ஆல் பெருக்கிவிடுகிறது. அந்தப் பொத்தானைப் பயன்படுத்தினால் 3 × 10⁸ முழுவதும் ஒரே எண்ணாக உள்ளே போகும். நேர்மாறான தவறும் உண்டு: பெருக்கல் குறியையும் 10-ஐயும் அழுத்திவிட்டு அப்புறம் அந்தப் பொத்தானையும் அழுத்தினால் விடை பத்து மடங்கு பெருத்துவிடும்.

எக்செல் நாம் கேட்காமலேயே அறிவியல் குறியீட்டுக்கு மாறிவிடும். 12 இலக்க ஆதார் எண்ணை ஒட்டினால் ஈ எழுத்தோடு ஏதோ ஒன்று தெரியும். அது வெறும் தோற்றம்தான், உள்ளே எண் பத்திரமாக இருக்கும். 16 இலக்க வங்கி அட்டை எண்ணை ஒட்டினால் கதை வேறு. எக்செல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைத்திருக்கும், 16-ஆவது இலக்கம் சுழியாகிவிடும், அப்புறம் மீட்க வழியில்லை. எண்களுக்கு நடுவே ஈ எழுத்து உள்ள மரபணு அடையாளக் குறிகளை இது பேரெண்களாக மாற்றித் தொலைத்ததை ஆய்வாளர்கள் 2004-இலேயே எழுதிவிட்டார்கள். இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை 2023-இல்தான் கொடுத்தார்கள். அட்டை எண், ஆதார் எண் எல்லாம் பார்க்க எண்ணாக இருந்தாலும் யாரும் அவற்றைக் கூட்டப்போவதும் பெருக்கப்போவதும் இல்லை. ஒட்டுவதற்கு முன் அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.