தடைக்கால ஃபுட்பால் கேம்ப்: பழைய கோச் மைக்ல திட்டுன அளவுக்கு மோசமா?

மொதல்ல ரிசல்ட்ட சொல்லிர்றேன், நெறைய பேரு அதத்தான் கேக்குறீங்க. எங்க ஊரு கிளப் மீன்பிடித் தடைக்காலத்துல நடத்துற ஃபுட்பால் கேம்ப்ல, பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகன்னா தாராளமா சேத்து விடுங்க. அதுக்கு மேல உள்ள பயலுகளுக்கு, அதுலயும் அடுத்த சீசன்ல டீம்ல எடம் புடிக்கணும்னு நெனைக்கிறவனுக்கு, இந்த வருச கேம்ப் வேஸ்ட். அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார். அந்த ரெண்டரையும் சின்னப் பசங்களப் பாத்துக்குற தம்பிக்காக மட்டும்தான்.

கிளப் பேரு போடல. மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கவங்களுக்கு யாருன்னு தெரியும், தெரியாதவங்க எந்த கேம்ப்ல சேத்தாலும் கீழ சொல்றதயெல்லாம் கேட்டுட்டு சேருங்க.

வெளியூர் ஆளுகளுக்காக ஒண்ணு சொல்லணும். எங்க டீமுக்கு ஆஃப் சீசன்னா அது தடைக்காலம்தான், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில கெடக்கும், ஸ்கூலும் லீவு, கடலுக்குப் போற பயலுகளும் படிக்கிற பயலுகளும் ஒண்ணா ஊர்ல இருக்குற ஒரே நேரம் அதான். மத்த மாசத்துல ஒருத்தன் வந்தா ஒருத்தன் கடல்ல இருப்பான், பதினோரு பேர ஒரே நாள்ல கிரவுண்டுல நிறுத்துறதே பெரிய பாடு. அதனால இந்த ரெண்டு மாசத்துல என்ன பண்றோமோ அத வச்சுத்தான் வருசம் பூரா ஓடணும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். பக்கத்து ஊர்ல நடந்த செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேரு ஆடுற டோர்னமெண்ட், பைனலுக்கு எங்க பழைய கோச்ச சிறப்பு விருந்தினரா கூப்புட்டிருந்தாங்க. பொன்னாடை போத்தி மைக்க குடுத்தாங்க, ரெண்டு வார்த்தை வாழ்த்திட்டு எறங்குவாருன்னு பாத்தா மனுசன் கால் மணி நேரம் எங்க கிளப்பத் தொவைச்சு எடுத்துட்டாரு. பெரிய பயலுகளுக்கு விடியக்காலை பிராக்டிஸ நிறுத்திட்டாங்க, இருக்குற காசப் பூராம் ஜெர்சிக்கும் வெளியூர் கெஸ்ட் பிளேயருக்கும் கொட்டுறாங்க, கேம்ப்னு பேர வச்சு காசு வசூல் பண்றாங்க, "இப்ப அங்க பந்த விட பேனர்தான் பெருசா இருக்கு"ன்னு முடிச்சாரு. எங்க செக்ரட்டரி முன் வரிசையிலதான் உக்காந்திருந்தாரு, மூஞ்சி செவந்து போச்சு. அன்னைக்கு ராத்திரியே வாட்ஸப் குரூப்ல ரெண்டு கட்சி ஆயிருச்சு, போன ஆளுக்கு என்ன பேச்சுன்னு ஒரு கட்சி, உள்ளத சொன்னா குத்தமான்னு இன்னொரு கட்சி.

போன கோச்சு பேசுறது ஒண்ணும் புதுசு இல்லங்க. பார்சிலோனாவுல ரொனால்ட் கூமன் கோச்சா இருந்தப்ப காசு இல்லன்னு சொல்லி 2021 ஆகஸ்ட்ல மெஸ்ஸியவே விட்டாங்க, அக்டோபர்ல கூமனயும் தூக்குனாங்க, டிசம்பர்லயே மான்செஸ்டர் சிட்டிகிட்ட இருந்து ஃபெரான் டோரஸ 55 மில்லியன் யூரோவுக்கு வாங்குனாங்க. இது என்ன கணக்குன்னு கூமன் வெளிப்படையாவே கொறப்பட்டாரு. வயித்தெரிச்சல்ல பேசுறாருன்னு சொல்றது ஈஸி, இருக்கட்டும், வயித்தெரிச்சலாவே இருக்கட்டும், கேட்ட கேள்விக்கு பதில் என்னன்னு பாக்கணும்ல. அதனால எங்க கோச்சு சொன்னத மனசுல வச்சுக்கிட்டே பையன விடப் போறப்ப எல்லாம் ஓரமா நின்னு பாத்தேன். எம்பையன் சின்ன பேட்ச், எங்க அக்கா மகன் பெரிய பேட்ச், ரெண்டுக்கும் காசு கட்டுனது நாந்தான், அதனால பேசுற ரைட்ஸ் இருக்கு.

பெரிய பேட்ச்ல கோச்சு சொன்னது நூத்துக்கு நூறு நெசம். அவரு இருந்த காலத்துல கிளப் ரூம் செவத்துல ஃபிஃபா 11 பிளஸ் சார்ட்ட லேமினேட் பண்ணி ஒட்டி வச்சிருந்தாரு. தெரியாதவங்களுக்கு, அது ஒரு வார்ம் அப், 15 எக்ஸர்சைஸ், மொத்தமே 20 நிமிசம்தான். மொதல்ல மெதுவா ஓட்டம், அப்புறம் பிளாங்க், பேலன்ஸ், குதிக்கிறது, கடைசில வேகமா ஓடி சட்டுனு திரும்புறது. அதுல நார்டிக்னு ஒண்ணு வரும், முட்டி போட்டு நிப்பான், ஒருத்தன் பின்னால உக்காந்து ரெண்டு கணுக்காலயும் அமுக்கிப் புடிச்சுக்குவான், இவன் ஒடம்ப வளைக்காம அப்படியே மெதுவா முன்னால சாயணும், தொடையோட பின்பக்கம் நடுங்கும் பாருங்க, பெரிய பெரிய ஆளே மூணாவது தடவைல மண்ணுல மூஞ்சி குத்திருவான். தொடை புடிக்கிறதயும் முட்டி அடிபடுறதயும் நல்லா கொறைக்குற வேலை அது, பத்து பைசா செலவு கெடையாது. இப்ப அந்த சார்ட்டு மேலயே ஜெர்சி ஸ்பான்சர் போஸ்டர ஒட்டிட்டாங்க, கீழ் ஓரத்துல கடைசிப் படத்தோட காலு மட்டும் தெரியுது.

கேம்ப்ல பெரிய பயலுகளுக்கு என்ன நடக்குதுன்னா, கிரவுண்ட ரெண்டு ரவுண்டு, ஒடனே ரெண்டு டீமா பிரிச்சு மேட்ச். அவ்வளவுதான் கோச்சிங். அதுவும் காலைல எட்டு மணிக்கு, அக்னி நட்சத்திரத்துல, மணல் கொதிக்கும். ஒரு கேன் தண்ணி வைக்கிறாங்க, பாதி மேட்ச்லயே காலி, அப்புறம் பக்கத்து வீட்டுல போயி கேக்குறானுக. எங்க அக்கா மகன் தொடையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான், ஐஸ் கூட இல்ல, போட்டுக்காரங்க ஊர்ல ஐஸ் இல்லன்னா யாராச்சும் நம்புவாங்களா. வலை இழுத்து வளந்த பயலுகளுக்கு கையும் முதுகும் இரும்பா இருக்கும், ஆனா 90 நிமிசம் ஓடித் திரும்புறது வேற ஒடம்பு, அதத் தனியாத்தான் ஏத்தணும். தடைக்காலத்துல ஏத்தலன்னா எப்ப ஏத்துறது? கோச்சு கத்துனது இதுக்குத்தான்.

ஆனா அவரு சொல்லாம விட்டதும் இருக்கு. அவரு காலத்துல சின்னப் பசங்களுக்கு கேம்ப்ல என்ன வேலை தெரியுமா, கோல் போஸ்ட்டுக்குப் பின்னால நின்னு பந்து பொறுக்குறது. பந்து நேரா சீமக்கருவேலைக்குள்ள போகும், முள்ளு ஏறி பிளாடர் போயிரும், அதுக்கும் திட்டு வாங்குறது அந்தப் பொடிசுகதான். இப்ப அவங்களுக்குத் தனி பேட்ச், காலைல ஆறரைக்கே ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ள விட்டுர்றாங்க. எட்டு வயசுக்கு மேல நாலாம் நம்பர் பந்து, அதுக்குக் கீழன்னா மூணாம் நம்பர். அஞ்சாம் நம்பர் பந்து 410ல இருந்து 450 கிராம் வரும், அத ஏழு வயசுப் பிள்ளைகிட்ட குடுத்தா பயந்துக்கிட்டு கால் நுனியில குத்தத்தான் பழகும். அந்தத் தம்பி ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பந்து குடுத்து, உள்ளங்கால்ல உருட்டி, ரெண்டு பக்கமும் திருப்பச் சொல்லிக் குடுக்குறான், சத்தமே போட மாட்டான். எம்பையன் இப்ப எடது கால்லயும் பாஸ் போடுறான். கச்சான் காத்து அடிக்கிற கிரவுண்டுல தூக்கி அடிச்சா பந்து பாம்பன் பாலத்துக்குத்தான் போகும், தரையோட ஆடுங்கடான்னு அவன் சொல்றதுலயும் வெவரம் இருக்கு.

கெஸ்ட் பிளேயர் விசயத்துல கோச்சு வாயத் தொறந்திருக்கவே கூடாது. அந்தப் பழக்கத்த எங்க ஊருக்குக் கொண்டாந்ததே அவருதான், அவரு கப்பு அடிச்ச வருசம் முன்னால ஆடுன ரெண்டு பேரும் வெளியூரு.

பொம்பளப் பிள்ளைகளும் நாலஞ்சு வருது. தனி டைம் இல்ல, பயலுகளோட சேத்து ஓரமா விட்டுர்றாங்க. மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி. பிள்ளைக 2019லயே இந்திய மகளிர் லீக் கப்ப அடிச்சாச்சு, இங்க ஒரு மணி நேரம் ஒதுக்க யோசிக்கிறாங்க.

ஃபீஸ் 1,200 ரூவா, ஜெர்சியோட. ஜெர்சி துணி பரவால்ல, முதுகுல உள்ள நம்பரு ரெண்டு தடவை தொவைச்சதுமே உரிஞ்சு எம்பையன் எட்டாம் நம்பரு இப்ப மூணு மாதிரி இருக்கு. ஜெர்சி வேணாம், கொறைச்சுக்கங்கன்னா ஒத்துக்க மாட்டாங்க, கேட்டுப் பாத்தாச்சு.

இன்னொண்ணு, கேம்ப் ஜூன் 20 வரைக்கும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. 15ம் தேதி விசைப்படகு கெளம்பிரும், பெரிய பேட்ச்ல பாதிப் பேரு கடல்ல இருப்பான். அந்த அஞ்சாறு நாளுக்குக் காசு கழிப்பீங்களான்னு கேட்டேன், செக்ரட்டரி "பாக்கலாம்ணே"ன்னாரு. பெரிய பயல சேக்குறவங்க அத மொதல்லயே பேசி முடிச்சுட்டு காச எடுங்க, ஆறரை பேட்ச்லயே இவனயும் விட முடியுமான்னும் கேட்டுப் பாருங்க.