பழைய போட்டோக்களுக்கு எந்த ஸ்கேனர்? டிபிஐயை விடுங்கள், சென்சாரைப் பாருங்கள்

வீட்டிலிருக்கும் பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நான்கு வழிகள் இருக்கின்றன. படத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும் ஃபிளாட்பெட், கட்டாகக் கொடுத்தால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும் ஷீட்ஃபெட், மேலே கேமராவைப் பொருத்தி எடுப்பது, கடைசியாகக் கையிலிருக்கும் போன். நான் வாங்கியது ஃபிளாட்பெட், அதிலும் தடித்த பெட்டி மாதிரி இருக்கும் எப்சன் வி600. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

போனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கூகுளின் போட்டோஸ்கேன் ஆப், படத்தின் மேல் நான்கு புள்ளிகளைக் காட்டி, போனை ஒவ்வொன்றுக்கும் நகர்த்தச் சொல்லும். அப்படி எடுத்ததையெல்லாம் சேர்த்து, பளபளப்பு விழுந்த இடங்களை நீக்கிவிடும். ஆல்பத்தை வெளியே கொடுக்கவே மாட்டேன் என்கிற உறவினர் வீட்டுக்குப் போகும்போது இதைவிட உபகாரமான பொருள் இல்லை. ஆனால் ஓரங்கள் கொஞ்சம் மங்கும், அறையின் விளக்கு நிறம் படத்தில் ஏறிவிடும். அனுப்பிப் பார்க்கச் சரி, காலத்துக்கும் வைத்துக்கொள்ளப் போதாது.

அப்புறம் டிபிஐ, அதாவது ஓர் அங்குல நீளத்தில் ஸ்கேனர் பதியும் புள்ளிகளின் எண்ணிக்கை. அட்டைப்பெட்டியில் 4800, 6400 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அச்சிட்ட போட்டோவுக்கு அந்த எண்ணால் பயனே இல்லை. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் 2400க்கு 3600 புள்ளிகள், அதாவது சுமார் 86 லட்சம். தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 26 எம்பி. 1200க்குப் போனால் அது 100 எம்பியைத் தாண்டும், கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் காகிதத்தின் சொரசொரப்புதான். சாதாரண லேப் பிரிண்டில் 300 டிபிஐக்கு மேல் விவரம் இருப்பதே அபூர்வம். நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்ட குட்டிக் கருப்பு வெள்ளைப் படங்கள் மட்டும் விதிவிலக்கு, அவற்றுக்கு 1200 தரலாம். இன்று விற்கும் எந்த ஃபிளாட்பெட்டும் இவ்வளவும் செய்யும் என்பதால், இதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

தேர்வைத் தீர்மானிப்பது சென்சார் வகை, அதாவது படத்திலிருந்து வரும் ஒளியைப் பதியும் பகுதி எந்த வகை என்பது. ஃபிளாட்பெட்டில் இரண்டு இனம் உண்டு. கேனான் லைடு 400, எப்சன் வி39 போன்ற மெல்லிய ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ். பக்கத்தின் அகலத்துக்கே ஒரு சென்சார் பட்டை, கண்ணாடியை ஒட்டிக்கொண்டு நகரும். எடை குறைவு, மின்சாரத்துக்குத் தனி வயர் வேண்டாம், யுஎஸ்பி ஒன்றே போதும். வி600 போன்ற தடித்த பெட்டிகளில் இருப்பது சிசிடி. படத்திலிருந்து வரும் ஒளி, உள்ளே இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்றவற்றில் பட்டுத் திரும்பி, ஒரு லென்ஸ் வழியாகச் சுருங்கி, சிறிய சென்சாரில் விழும். அந்தத் தூரத்துக்கு இடம் வேண்டும், அதனால்தான் பெட்டி அவ்வளவு பருமன்.

இந்த அமைப்பால் வரும் வித்தியாசம் ஃபோகஸ் ஆழத்தில் தெரியும். சிஐஎஸ்ஸுக்குக் கண்ணாடியில் ஒட்டியிருப்பது மட்டும்தான் கூர்மையாகத் தெரியும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலே மங்கிவிடும். சிசிடி அந்த இடைவெளியைப் பொருட்படுத்தாது. ஆபீஸ் காகிதத்துக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் பழைய குடும்பப் படம் எங்கே தட்டையாக இருக்கிறது? கருப்பு வெள்ளைப் படத்தின் முன்பக்க ஜெலட்டின் பூச்சு காய்ந்து சுருங்கச் சுருங்க, காகிதமும் படம் இருக்கும் பக்கமாகவே வளைந்துகொள்ளும். கவிழ்த்து வைத்தால் நான்கு ஓரங்களும் கண்ணாடியைத் தொடும், நடுவில் மேடு நிற்கும். முகங்கள் இருப்பது அந்த நடுவில்தான். மூடியை அழுத்திச் சமன் செய்யலாம் என்றால், பழைய பூச்சு மொறமொறப்பானது, ஒரு அழுத்து கூடினாலும் கீறல் விட்டுவிடும். ஸ்டுடியோவில் எடுத்து அட்டையில் ஒட்டிக் கொடுத்த படங்கள் இன்னும் மோசம். படத்தைச் சுற்றியுள்ள அட்டை விளிம்பு உயர்ந்து, படம் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் அது கண்ணாடியைத் தொடாது. ஒட்டும் பக்கம் கொண்ட ஆல்பத்திலிருந்து பிரிக்க முடியாமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்ய வேண்டியவையும் இதே கதைதான்.

வாங்குமுன் சோதித்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால், ஒரு அளவுகோலின் ஒரு முனையைக் கண்ணாடியில் வைத்து, மறுமுனைக்கு அடியில் அழிரப்பரைச் செருகி ஸ்கேன் செய்யுங்கள். கோடுகள் எதுவரை தெளிவாகத் தெரிகின்றன என்று பார்த்தாலே அந்த ஸ்கேனரின் ஆழம் புரிந்துவிடும். ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களின் மேல் இருக்கும் ஸ்கேனரும் பெரும்பாலும் சிஐஎஸ்தான், ‘வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே’ என்பவர்கள் இந்தச் சோதனையை அதிலும் செய்து பார்க்கலாம்.

எல்லாப் படமும் 1980களுக்குப் பிந்தைய வழவழப்பான கலர் பிரிண்ட், எதுவும் வளையவில்லை என்றால், மெல்லிய லைடு 400 தாராளமாகப் போதும். விலையும் இடமும் மிச்சம்.

சிசிடியிடமும் குறை இருக்கிறது. அந்தக் காலக் கலர் படங்களில் பட்டுத்துணி போலவோ தேன்கூடு போலவோ சொரசொரப்பு வைத்த காகிதம் வரும். ஸ்கேனரின் ஒளி ஒரே பக்கத்திலிருந்து சாய்வாக விழுவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு மினுக்கு விழும், முகமெல்லாம் உப்பைத் தூவின மாதிரி இருக்கும். படத்தை 180 டிகிரி திருப்பி இரண்டாம் முறை எடுத்து, இரண்டையும் எடிட்டரில் ஒன்றின் மேல் ஒன்று வைத்து மேலுள்ளதைப் பாதி ஒளிபுகும்படி வைத்தால் பாதிக்குப் பாதி குறையும். வேலைதான். இன்னொன்று வேகம். படம் வைப்பது, மூடுவது, எடுப்பது, கண்ணாடியில் விழுந்த தூசியைத் துடைப்பது என்று பொழுது ஓடிவிடும். நாலைந்து படங்களைச் சேர்த்து வைத்தால் மென்பொருளே தனித்தனியாக வெட்டிக் கொடுக்கும், ஆனால் வெள்ளை விளிம்பையும் சேர்த்துக் கத்தரித்துவிடுவதுண்டு.

வேகம் என்றால் ஷீட்ஃபெட்தான். எப்சனின் ஃபாஸ்ட்ஃபோட்டோ எஃப்எஃப்-680டபிள்யூ, 300 டிபிஐயில் நொடிக்கு ஒரு படம் என்கிற கணக்கில் இழுக்கும். படத்தின் பின்னால் யாராவது பெயரும் தேதியும் எழுதியிருந்தால் அதையும் அதே ஓட்டத்தில் எடுத்துவிடும். இந்த ஒரு வசதியைப் பார்த்து எனக்குப் பொறாமைதான், ஃபிளாட்பெட்டில் ஒவ்வொன்றையும் புரட்டிப் போட வேண்டும். ஆனால் உள்ளே சென்சார் மேல் ஒரு துளி பசையோ தூசியோ ஒட்டினால், அதற்குப் பிறகு வரும் எல்லாப் படத்திலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். அட்டையில் ஒட்டியது உள்ளே போகாது. கிழிந்ததை, சுருண்டதை உருளைகளுக்குக் கொடுக்க மனசு வராது. ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கிற படத்தை நான் அதில் விடமாட்டேன். 1990களின் லேப் கவர்களில் பெட்டி பெட்டியாக இருக்கும் கலர் பிரிண்டுகளுக்கு அது அருமை.

நெகட்டிவும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு வி600 பக்கம் இன்னொரு காரணம் உண்டு: மூடியிலேயே ஒளி இருக்கிறது, ஃபிலிம் பிடிப்பானும் கூடவே வரும். அதிலுள்ள டிஜிட்டல் ஐஸ் என்ற வசதி, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சித் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து மறைக்கும். கலர் ஃபிலிமின் சாயத்துக்குள் அந்த ஒளி புகுந்து போகும், தூசியில் நின்றுவிடும், அதுதான் சூட்சுமம். வழக்கமான கருப்பு வெள்ளை ஃபிலிமில் இருப்பது வெள்ளித் துகள், அதுவும் ஒளியை மறித்துவிடுவதால் அங்கே இதை அணைத்துவிட வேண்டும். 35 மிமீ நெகட்டிவில் பெட்டியில் போட்ட 6400 டிபிஐ அளவுக்கு உண்மையான விவரம் வராது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கேமரா வழியை நான் கொஞ்சம்தான் தொட்டிருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து எடுத்தபோது சொரசொரப்புக் காகிதம் ஸ்கேனரைவிட நன்றாக வந்தது. சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்துக்கும் இதுவே வழி, அதை உரிக்கப் பார்த்தால் பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். ஆனால் ஸ்டாண்டு, மிகக் கிட்டத்திலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸ், விளக்கு எல்லாம் ஏற்கெனவே இருப்பவருக்குத்தான் இது மலிவு.

சிசிடி புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது என்றால் பழையதைத் தேடலாம், சில வருடம் ஓடிய ஸ்கேனர்கூட நன்றாகவே வேலை செய்யும். ஸ்கேனரை இயக்கக் கம்பெனி தரும் டிரைவர் மென்பொருள் இப்போதைய விண்டோஸிலோ மேக்கிலோ ஏறாவிட்டாலும் வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருள் ஏராளமான பழைய மாடல்களை ஓட்டும். பணம் கொடுக்குமுன் உங்கள் மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மின் அடாப்டர் கூடவே வர வேண்டும், இவை யுஎஸ்பி மின்சாரத்தில் ஓடாது. பல மாடல்களில் உள்ளே நகரும் பகுதிக்கு ஒரு பூட்டு இருக்கும், வண்டியில் ஏற்றுமுன் அதைப் போடச் சொல்லுங்கள்.