ரக்பி ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கான வகுப்பு: போய்ப் பார்த்தேன்

என் மகள் 11 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ரக்பி ஆடுகிறாள். அவளுடைய கிளப், பெற்றோருக்கென்றே 2 மணி நேர வகுப்பு ஒன்று நடத்துகிறது. விதிகளைச் சொல்லித்தருவார்கள் என்று நினைத்துப் போனேன்.

போனதும் எங்களை மைதானத்தில் இறக்கிவிட்டார்கள். நான்கு பேர் ஓடிக்கொண்டே பந்தைப் பின்பக்கமாகப் பாஸ் செய்ய வேண்டும். மற்றவர்கள் கோட்டோரம் நின்று, வழக்கமாகப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவதையே கத்த வேண்டும். "ஓடு!", "பாஸ் கொடு!", "உள்ளே போ!" எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழுந்தன. இடப்பக்கம் வந்தவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை. பந்து விரல்களில் பட்டு நழுவி முன்னால் விழுந்தது. இதைத்தான் 'நாக் ஆன்' என்ற தவறாகக் கொள்வார்கள்; பந்து எதிரணிக்கு. போன மாதம் இதே தவறைச் செய்த மகளிடம், "கவனம் எங்கே இருக்கு?" என்று கோட்டோரத்திலிருந்து கேட்டது நினைவுக்கு வந்து நெஞ்சு கனத்துவிட்டது.

பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அறிவுரை வேண்டாம், அது அணியின் கோச்சின் வேலை என்றார் வகுப்பு நடத்தியவர். டேக்கிள் செய்தவள், அதாவது பந்து வைத்திருந்த எதிராளியைப் பிடித்து வீழ்த்தியவள், சட்டென்று எழுந்தாளா, பந்து வைத்திருப்பவளுக்குத் துணையாகப் பின்னால் ஓடினாளா என்று பார்த்துக் கைதட்டச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சைப் பிள்ளைதான் தொடங்க வேண்டுமாம். அடுத்த ஆட்டம் முடிந்து காரில் வரும்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் அவளே, "ரக்கில் நான் பந்தை எடுத்ததைப் பார்த்தீங்களா?" என்றாள். ரக் என்பது தரையில் கிடக்கும் பந்துக்கு மேலே இரு அணியினரும் நின்று முட்டித் தள்ளுவது. உண்மையில் நான் அதைப் பார்க்கவில்லை. முழுக்கதையையும் சொன்னாள்.

தலையில் அடிபடுவது பற்றிய பகுதிதான் எனக்குக் குறை. கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்; தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். மயங்கி விழாவிட்டாலும் மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம், சந்தேகம் வந்தாலே வெளியே அழைத்துவிட வேண்டும், அன்று மறுபடி ஆடக் கூடாது என்பதை இங்கேதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். தலையில் போடும் மெத்தென்ற ஸ்க்ரம் கேப் காதைக் காக்கும், சிராய்ப்பைக் குறைக்கும்; மூளையதிர்ச்சியைத் தடுக்காது. இத்தனை நாள் அதை நம்பித்தான் நிம்மதியாக இருந்தேன்.

மவுத்கார்டைப் பொருத்திக் காட்டியதும் நன்றாக இருந்தது. பல் விழுந்து முளைக்கும் வயதில் அளவு மாறும், அடிக்கடி பார்க்க வேண்டும்.

பிள்ளையை இப்போதுதான் சேர்த்திருப்பவர்கள் அவசியம் போங்கள். அப்பா அம்மா இருவருமே போனால் இன்னும் நல்லது. அப்புறம், ஓடுவதற்கு ஏற்ற ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.