கேம் ஆடுபவர்களுக்கு ஆப்டிகலா, எச்டிஎம்ஐயா?

கணினியை ஹோம் தியேட்டர் ரிசீவரோடு (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இணைக்க, ஒலியை ஒளியாகக் கொண்டுபோகும் ஒரு ஆப்டிகல் கேபிள் போதும் என்று பலரும் சொல்வார்கள். படம் பார்க்க மட்டும் என்றால் போதும்தான். கேம் ஆடுகிறவர் என்றால், படமும் ஒலியும் சேர்ந்தே போகும் எச்டிஎம்ஐ கேபிள் பக்கம் வந்துவிடுங்கள். ஒரே 5.1 (ஐந்து ஸ்பீக்கர், தாழ் ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) ரிசீவரில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

ஆப்டிகல் வழியே சுருக்கப்படாத ஒலி இரண்டு சேனல்தான் (தனித்தனி ஒலித்தடம்) போகும். 5.1 வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கி அனுப்ப வேண்டும். டிவிடி படத்தில் ஒலி ஏற்கெனவே அப்படிச் சுருக்கித்தான் பதிவாகியிருக்கிறது, அதனால் சிக்கல் இல்லை. கேமில் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பது ஆடும் அந்த நொடியில்தான் முடிவாகிறது. அதை உடனுக்குடன் சுருக்க டால்பி டிஜிட்டல் லைவ் போன்ற வசதி உள்ள சவுண்ட் கார்டு தேவை. அது இருந்தாலும் ஒலி கொஞ்சம் பின்தங்கும். சுடும் விளையாட்டில் அந்தக் கொஞ்சமே எரிச்சல்.

எச்டிஎம்ஐயில் இந்தத் தொல்லையே கிடையாது. கிராபிக்ஸ் கார்டிலிருந்து 8 சேனல் வரை சுருக்காமலே ரிசீவருக்குப் போகும். கேபிளைச் செருகியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். விண்டோஸின் பழைய சவுண்ட் பேனலைத் திறந்து, ரிசீவரின் பெயரைத் தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' அழுத்தி 5.1 என்று சொல்லியாக வேண்டும். அங்கேயே ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலிக்கவிட்டுச் சரிபார்க்கலாம். இதைச் செய்யாவிட்டால் கணினி ஸ்டீரியோவையே அனுப்பும். ரிசீவர் அதைப் பின் ஸ்பீக்கர்களுக்கும் பரப்பி, சரவுண்ட் மாதிரி காட்டிவிடும். சரியாக அமைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் இடது பக்கம் கதவு திறந்தால், திரையைப் பார்க்காமலே கை அந்தப் பக்கம் திரும்பும். இதற்காகவே இந்த இணைப்பை மனதார சிபாரிசு செய்கிறேன்.

குறையும் உண்டு. கணினி ரிசீவரை இன்னொரு மானிட்டராக எண்ணிக்கொள்ளும். மவுஸ் அந்த இல்லாத திரைக்குள் போய் மறைந்துவிடும், சில ஜன்னல்களும் அங்கே போய்த் திறக்கும். இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்டும் 'டூப்ளிகேட்' போட்டால் இது தீரும். ஆனால் இரண்டு திரைக்கும் பொதுவான ரெசல்யூஷனுக்கு இறங்க வேண்டிவரலாம். எனக்குப் பிடித்த வழி வேறு: டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்தப் பொய்த் திரையை இழுத்து, உண்மையான திரையின் ஒரு மூலையை மட்டும் தொடும்படி வைத்துவிடுவது. மவுஸ் தவறிப் போவது அநேகமாக நின்றுவிடும். உங்கள் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் மாதிரி வேகமானது என்றால் அதை கிராபிக்ஸ் கார்டில் உள்ள டிஸ்ப்ளேபோர்ட் என்ற மானிட்டர் இணைப்பில் நேராக மாட்டுங்கள். ரிசீவருக்கு எச்டிஎம்ஐ தனியாகப் போகட்டும்.

அப்புறம் பாட்டு விஷயம். விண்டோஸில் 5.1 என்று வைத்திருக்கும்வரை ஸ்டீரியோ பாட்டு முன் ஸ்பீக்கர் இரண்டில்தான் வரும், கூடவே சப்வூஃபரும் பேசலாம். வருவதே 5.1 சிக்னல் என்று ரிசீவர் நினைப்பதால், ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பும் டால்பி சரவுண்ட் மோடு போட்டாலும் பின் ஸ்பீக்கர்கள் சும்மாதான் இருக்கும். எனக்குப் பாட்டு அப்படிக் கேட்பதுதான் பிடிக்கும். அறை முழுக்கப் பாட்டு வேண்டும் என்பவர்கள், கேட்கும் நேரத்துக்கு மட்டும் விண்டோஸில் ஸ்டீரியோவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.